பாரின் நடுக்கயிறு: ராமேஸ்வரத்தில் ஒரு கயிறு மாற்றமும் அதன் பின்விளைவும்

பின்னணி

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் ஓடுவதுதான் கைட் சர்ஃபிங். ராமேஸ்வரம் தீவில் அதற்கு ஆண்டில் இரண்டு பருவம். பனிக்காலத்தில் வாடைக்காற்று, கோடையும் ஆடியும் சேர்ந்த மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. இந்த நிகழ்வு கச்சான் வலுத்த ஒரு ஜூலை மாதத்தில் நடந்தது. அங்கே கைட் ஓட்டும் ஒரு சிறு குழுவின் கருவிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கிழிந்த துணி ஒட்டுவது, வால்வு மாற்றுவது, லைன் அளப்பது எல்லாம் என் வேலை.

கைட்டின் உரிமையாளர் மதுரையில் வேலை பார்ப்பவர், முப்பதுகளில் இருப்பவர், எடை 78 கிலோ. மூன்றாவது ஆண்டாக ஓட்டுகிறார். கைட் 9 சதுர மீட்டர். பாரை, அதாவது கையில் பிடித்துக் கைட்டை ஓட்டும் தண்டை, மட்டும் பழையதாக வாங்கியிருந்தார், அதற்கு ஐந்தாறு வயது இருக்கும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கைட்டிலிருந்து 22 மீட்டர் நீளத்துக்கு நான்கு லைன் இறங்கும். பின் லைன் இரண்டும் பாரின் இரு முனைகளில் மாட்டியிருக்கும். முன் லைன் இரண்டும் ஒன்று சேர்ந்து ஒரே கயிறாகி, பாரின் நடுத்துளை வழியே இறங்கி, இடுப்புக் கொக்கியில் மாட்டும் வளையத்தில் முடியும். அந்த வளையத்துக்கு எல்லா ஊரிலும் சிக்கன் லூப் என்றே பெயர். ஓட்டுபவரை இழுக்கும் விசையில் பெரும்பகுதி வருவது இந்த நடுக்கயிற்றில்தான். கையில் இருக்கும் பாரில் சில கிலோ இழுவைதான் தெரியும். பாரை மேலே தள்ளினால் பின் லைன்கள் தளர்ந்து கைட்டின் இழுப்பு குறையும், கீழே இழுத்தால் கூடும். ஒரு மணி நேரத்தில் பார் அந்தக் கயிற்றின் மேல் நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும், உப்பும் மணலும் கூடவே. அதனால் முதலில் தேய்வது எப்போதும் அந்த இடம்தான்.

அதே துளை வழியே இன்னொரு மெல்லிய கயிறும் போகிறது. அதுதான் சேஃப்டி லைன். ஆபத்தில் சிக்கன் லூப்பின் ரிலீஸை, அதாவது லூப்பைத் திறந்துவிடும் பிடியைத் தள்ளியதும் லூப் திறந்து, பாரும் நடுக்கயிறும் இந்த லைனின் மேல் வழுக்கி மேலே ஓட வேண்டும். அப்போது கைட் ஒரே ஒரு முன் லைனில் தொங்கும், காற்றைப் பிடிக்க முடியாமல் கொடித்துணிபோல் படபடத்துக் கீழே விழும். பார் ஓடாவிட்டால் கைட்டின் இழுப்பு குறையாது. இந்த ஆய்வில் நடந்ததெல்லாம் அந்த ஓட்டத்தைச் சுற்றித்தான்.

தேய்மானமும் முதல் மாற்றமும்

ஒரு வியாழக்கிழமை மாலை, ஓட்டி முடித்துப் பாரைக் கழுவும்போது நடுக்கயிற்றின் உறை கிழிந்திருப்பதை உரிமையாளர் கவனித்தார். துளைக்குச் சற்று மேலே மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வெளிப்பின்னல் அற்று, உள்ளே இருந்த வெள்ளை நார் தெரிந்தது. அவருக்கு ஞாயிறு வரைதான் விடுப்பு. அந்த மாடலுக்கு உதிரிக் கயிறு தயாரிப்பதை நிறுத்திவிட்டதாக விற்றவர்கள் சொன்னார்கள். புதுப் பார் வரவழைக்க மூன்று வாரம் ஆகும்.

மறுநாள் காலை அவர் துறைமுகப் பக்கம் போய் மீன்பிடிச் சாமான் கடையில் 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு இரண்டு மீட்டர் வாங்கி வந்தார். மூன்று புரி முறுக்கிய, எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய வெள்ளைக் கயிறு. கடைக்காரர் "அறவே அறாது அண்ணே" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பொய் இல்லை. அந்தத் தடிமனில் புது நைலான் எழுநூறு கிலோவுக்கு மேல் தாங்கும். முன் லைன்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முந்நூறு கிலோவில் அறும். இரண்டையும் கூட்டினாலும் அறுநூறுதான். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

அவரே கயிற்றைக் கோர்த்து முடிச்சிட்டு, எங்கள் பயிற்சியாளரிடம் காட்டினார். பயிற்சியாளர் முடிச்சுகளை இழுத்துப் பார்த்து நல்லா இருக்கு என்றார். நானும் அங்கேதான் நின்றேன். முடிச்சைப் பார்த்தோமே தவிர, ரிலீஸைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத் தவறு அங்கே தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை: முதல் அறிகுறி

அன்று காற்று 16 நாட் (மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்) அளவில் சீராக இருந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தவர், கைட் வழக்கம்போல் இல்லை என்றார். "காத்து ஏறும்போது பாரைத் தள்ளினா விட மாட்டேங்குது அண்ணே, இன்னும் இழுக்குது."

புதுக் கயிறு, இறுகட்டும், நீளம் கொஞ்சம் கூடியிருக்கும் என்று சொல்லி ட்ரிம்மை, அதாவது முன் லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தை, இரண்டு சென்டிமீட்டர் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. நைலான் நன்றாக நீளும் கயிறு. படகைத் துறையில் கட்டவும் நங்கூரத்துக்கும் அதை விரும்புவது அதற்காகத்தான், அலையின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அதே குணம் இங்கே கெடுதல். காற்று திடீரென ஏறினால் நடுக்கயிற்றில் பாரம் கூடுகிறது, நைலான் நீள்கிறது, முன் லைன்கள் பின் லைன்களைவிட நீளமாகிவிடுகின்றன. பாரைக் கீழே இழுத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆகிறது. இழுப்பு குறைய வேண்டிய நொடியில் கூடுகிறது. ஓட்டுபவர் கையால் தள்ளிவிடும் நான்கைந்து சென்டிமீட்டரைக் கயிறு திரும்ப எடுத்துக்கொள்கிறது.

நனைந்த நைலான் தண்ணீரை உறிஞ்சி இன்னும் அதிகமாக நீளும், பலமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காலையில் காய்ந்த கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்ததில் இவை எதுவும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை: சம்பவம்

சனிக்கிழமை பிற்பகல் காற்று 20 முதல் 23 நாட். இடுப்பளவுத் தண்ணீர், கீழே மணலும் இடையிடையே சிப்பியும். உரிமையாளர் திரும்பும் வளைவில் தடுமாறி விழுந்தார். கைட் ஒரு சுற்று சுற்றியது. அவர் கற்றுக்கொடுத்தபடியே ரிலீஸைத் தள்ளினார், லூப்பும் உடனே திறந்தது. பார் கைக்கெட்டும் தூரத்துக்கு மேலே போய் நின்றுவிட்டது.

ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடி நின்றதை நான் கரையிலிருந்து பார்த்தேன். கைட் விழவில்லை. பாதி இழுப்போடு தண்ணீர்மேல் கிடந்து அவரை இழுத்தது. நாற்பது, ஐம்பது மீட்டர் இழுபட்டார். பிறகு, பதறாமல், சேஃப்டி லைன் ஹார்னஸில் (இடுப்புப் பட்டையில்) மாட்டியிருக்கும் இடத்திலுள்ள இரண்டாவது ரிலீஸையும் இழுத்துக் கைட்டை முழுதாக விட்டுவிட்டார். அது காற்றடித்த பக்கம் பறந்துபோய்க் கரையில் சீமைக் கருவேல முள்ளில் விழுந்தது. அந்தப் பக்கம் அப்போது ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தால் 22 மீட்டர் லைன்கள் நான்கும் அவர்கள் மேல் போயிருக்கும்.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் ஒரு முழங்கையிலும் சிப்பி கிழித்த காயம். கழுவிக் கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டுவந்தோம். கைட்டில் நான்கு இடத்தில் முள் துளை.

இரண்டாவது ரிலீஸ் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருந்ததால்தான் இது காயத்தோடு நின்றது. அதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளருக்கும், அந்த நேரத்தில் நினைவுபடுத்திக்கொண்ட உரிமையாளருக்கும் அந்தப் பெருமை உரியது.

பாரைப் பிரித்துப் பார்த்தபோது

பாரை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துவந்து கொட்டகையில் தொங்கவிட்டோம். பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. சேஃப்டி லைன் நைலான் கயிற்றைச் சுற்றி ஐந்து சுற்று சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் புரிகளுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில் துளைக்குள் போய் நெருக்கிக்கொண்டது.

எப்படிச் சுற்றியது? கைட் ஒரு சுற்றுதான் சுற்றியது, மீதி நான்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பயிற்சியாளரின் அப்பா விசைப்படகில் நாற்பது ஆண்டு போனவர். மகனைத் தேடி வந்தவர் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, "முறுக்குக் கயித்துல பாரத்தத் தொங்கவிட்டா அது சுத்தத்தான தம்பி செய்யும்" என்றார்.

அதேதான். முறுக்கிய கயிறு பாரம் ஏறும்போது தன் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும். ஒரு முனை சுழல முடிந்தால் சுழன்றுவிடும். சிக்கன் லூப்பின் மேல் சுழல்மூட்டு இருக்கிறது. கைட் சுற்றினால் லைன் சிக்காமல் இருக்க வைத்தது அது. நைலான் ஒவ்வொரு காற்றேற்றத்திலும் அந்த மூட்டைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் ஓடும் சேஃப்டி லைன் திரும்பாமல் நிற்க, கயிறு அதைத் தன்மேல் சுற்றிக்கொண்டது. உறுதிப்படுத்திக்கொள்ள அதே கயிற்றில் ஒரு துண்டை நனைத்துச் சுழல்மூட்டோடு உத்தரத்தில் கட்டி, 70 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். மூட்டை கண் முன்னால் சுழன்றது. பழைய கயிற்றை அதேபோல் கட்டியபோது அசையவில்லை. அது பின்னல் கயிறு. பாதிப் புரி இடமும் பாதிப் புரி வலமும் போவதால் முறுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும்.

பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்தோம். பழைய கயிறு தேயாத இடத்தில் 5.9 மில்லிமீட்டர். நைலான் பெயருக்கு 6, ஆனால் நனைந்த நிலையில் புரிகளின் மேடு 6.8 வரை வந்தது. துளையில் சேஃப்டி லைனுக்கு மிச்சமிருந்த இடத்தை அது தின்றுவிட்டது.

கயிறு தேர்வு: எதை, ஏன்

திங்கள் மாலை மூவரும் உட்கார்ந்து பேசினோம். உரிமையாளர் போனில் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எது ரொம்ப ஸ்ட்ராங்?" இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் பல ஆண்டு அப்படித்தான் கேட்டேன். ஆனால் நைலான் அறவில்லையே. பலத்தில் அது தேறிவிட்டது. நீள்வது, சுழல்வது, துளையை அடைப்பது என்ற மூன்றிலும்தான் தோற்றது. ஆகவே கேள்வியை மாற்றி வைத்துக்கொண்டோம். இந்தக் கயிறு எங்கே வழுக்க வேண்டும், எங்கே வழுக்கக் கூடாது?

இந்தப் பாரில் சிக்கன் லூப்பிலிருந்து மேலே கிளீட் வரை ஒரே கயிறு. கிளீட் என்பது கயிற்றைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் சிறு கருவி. கயிறு துளை வழியே ஏறி, கிளீட்டின் உடலுக்குள் நுழைந்து, முன் லைன்கள் சேரும் வளையத்தைச் சுற்றித் திரும்ப இறங்கி, கிளீட்டின் பல்லில் அகப்பட்டு நிற்கும். துளைப் பகுதியில் வழுக்க வேண்டும், கிளீட் பகுதியில் வழுக்கவே கூடாது. ஒரே கயிறு இரண்டையும் செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

முழுக்கப் பாலியெஸ்டரில் ஆன இரட்டைப் பின்னல் கயிறு முதலில் பேச்சுக்கு வந்தது. நைலான் அளவுக்கு நீளாது, வெயிலைத் தாங்கும், கிளீட்டில் நன்றாக நிற்கும், விலையும் குறைவு. ஆனால் 5 மில்லிமீட்டரில் ஐந்நூறு கிலோவுக்குச் சற்று மேல்தான் அதன் அறுபலம். முடிச்சு போட்டால் பாதி போய்விடும். அப்புறம் அது முன் லைன்களைவிட முந்தி அறும் கயிறாகிவிடும். அதை விட்டோம்.

உறையில்லாத டைனீமா பன்னிரண்டு புரிப் பின்னல் அடுத்தது. கைட் லைன்கள் செய்யப்படும் அதே பாலிஎத்திலீன் நார்தான். தண்ணீரில் மிதக்கும், நீரை உறிஞ்சாது, மிகக் குறைவாகவே நீளும், துளையில் சோப்பு தடவியதுபோல் வழுக்கும். 5 மில்லிமீட்டரில் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஒரு துண்டு கையிலேயே இருந்தது. கிளீட்டில் வைத்துத் தராசோடு இழுத்தோம். 35 கிலோவிலேயே நழுவத் தொடங்கியது. கயிறு வளையத்தைச் சுற்றித் திரும்புவதால் கிளீட்டுக்கு வருவது மொத்த இழுவையில் பாதி. 78 கிலோ ஆளுக்கு அது சாதாரண ஓட்டத்திலேயே 35, 40 கிலோவைத் தொட்டுவிடும்.

அராமிட் நாரும் வெக்ட்ரானும் பாய்ப்படகுகளில் உண்டு. இரண்டுமே வெயிலில் பலம் இழப்பவை. ராமேஸ்வரத்து வெயிலுக்கு உறையில்லாத இடத்தில் அவற்றைப் போட எனக்கு மனமில்லை. பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

சென்னையில் பாய்ப்படகு ஓட்டும் ஒருவரிடம் கேட்டதில் வழி கிடைத்தது. 6 மில்லிமீட்டர் பாய்ப்படகுக் கயிறு, வெளியே பாலியெஸ்டர் உறை, உள்ளே 4 மில்லிமீட்டர் டைனீமா. இந்த வகையில் பாரம் தாங்குவது உள்கயிறு மட்டுமே, உறை பிடிமானத்துக்கும் பாதுகாப்புக்கும். பாய்ப்படகுக்காரர்கள் தேவையில்லாத இடத்தில் உறையை உரித்து எடைகுறைப்பது வழக்கம். நாமும் உரித்துக்கொள்ளலாமே என்றார். கிளீட் பகுதியில் உறை இருக்கட்டும், துளைப் பகுதியில் உரித்துவிடலாம்.

இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பயிற்சியாளர் உறையை முழு நீளத்துக்கும் வைக்கச் சொன்னார். பழைய கயிறு அப்படித்தான் இருந்தது, தேய்ந்தால் முதலில் உறை போகும், உள்கயிறு தப்பிக்கும் என்றார். நியாயமான வாதம். நான் உரிக்கச் சொன்னதற்கு இரண்டு காரணம். உறை ஒரு இடத்தில் அறுந்தால் சட்டைக் கையைப்போல் கீழே திரண்டு துளையில் அடைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்கு முன் அதுதான் நடக்கவிருந்தது. இரண்டாவது, உறைக்குள் இருக்கும் உள்கயிறு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெறும் டைனீமா தேய்ந்தால் பஞ்சுபோல் மயிர் எழும், பார்த்ததும் தெரியும். தேய்மானத்தைத் தள்ளிப்போடுவதைவிட அதைக் காண முடிவதே மேல் என்று முடிவெடுத்தோம்.

4 மில்லிமீட்டர் டைனீமா ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். அறுநூறு கிலோ லைன்களுக்கு இது எதற்கு என்று உரிமையாளர் கேட்டார். முடிச்சில் பாதியோ அதற்கு மேலோ போகும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் வேண்டும், அதனால்தான். இதைவிட மெலிதாகப் போனால் துளையின் விளிம்பில் கத்திமேல் ஓடும் நூல்போல் சீக்கிரம் தேயும்.

கட்டிய விதம்

கயிறு புதன்கிழமை வந்தது. கீழ்ப்பகுதியில் 70 சென்டிமீட்டர் உறையை உரித்தோம். உறை முடியும் இடத்தில் அதன் நூல்களைப் படிப்படியாகக் குறைத்து, உள்கயிற்றின் பின்னலுக்குள் நுழைத்து, மெழுகு தடவிய நூலால் குறுக்காகத் தைத்தோம். இப்படிச் செய்யாவிட்டால் உறை வழுக்கித் திரளும்.

கீழ் முனையை எப்படி முடிப்பது என்பதில்தான் நேரம் போனது. டைனீமாவுக்குச் சிறந்தது முடிச்சல்ல, கயிற்றின் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே புதைக்கும் ஸ்ப்ளைஸ். அதில் பலம் ஏறக்குறைய முழுதாக நிற்கும். ஆனால் தடிமனைப்போல் எழுபது மடங்கு நீளம் புதைக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 4 மில்லிமீட்டருக்கு 28 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமும் பார் ஓடும் இடத்தில் வந்து கயிற்றைத் தடித்ததாக்கிவிடும். ஆகவே அங்கே முடிச்சு என்று முடிவு.

அப்புறம் ஒரு விஷயம் தெரிந்தது. சிக்கன் லூப்புக்குள் முடிச்சு உட்காரும் குழி 6 மில்லிமீட்டர் கயிற்றின் முடிச்சுக்காகச் செய்தது. 4 மில்லிமீட்டரில் போட்ட எட்டு வடிவ முடிச்சைக் கையால் இழுத்ததிலேயே பாதி உள்ளே போனது. நல்லவேளை கரையில் பார்த்தோம். மூன்று சுற்றுச் சுற்றிய முடிச்சாக மாற்றி, கீழே துருப்பிடிக்காத எஃகு வாஷர் ஒன்று வைத்து, வாலை ஐந்து சென்டிமீட்டர் விட்டுத் தைத்தோம். டைனீமா வழுக்கும் நார், குட்டை வால் தானாகவே உருவிக்கொண்டு போகும்.

முனையை லைட்டரால் சுட வேண்டாம். நைலானை அப்படிச் செய்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். டைனீமா 150 டிகிரிக்குள் உருகிவிடும் நார், சுட்டால் கண்ணாடிபோல் கட்டியாகி உடையும், அந்தக் கட்டி பக்கத்து நாரையும் அறுக்கும்.

கரையில் சோதனை

மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கடன் வாங்கி, செயின் புல்லியோடு சேர்த்து நடுக்கயிற்றை 250 கிலோ வரை மூன்று தடவை இழுத்தோம். கயிறு அறாமல் இருக்குமா என்று பார்ப்பதற்காக அல்ல, முடிச்சும் தையலும் முன்கூட்டியே இறுகட்டும் என்று. முதல் இழுப்பில் முடிச்சுகள் இறுகி 3 சென்டிமீட்டர் நீளம் கூடியது, மூன்றாவதில் அசைவே இல்லை. தராசை அப்போது கிளீட்டுக்கு மாற்றி இழுத்தோம். உறையோடு 110 கிலோ வரை நழுவவில்லை, அதற்கு மேல் நாங்கள் இழுக்கவில்லை.

பிறகு நான்கு லைன்களையும் ஒரே ஆணியில் மாட்டி, ட்ரிம்மை முழுதாகத் தளர்த்தி, நீளம் சரிபார்த்தோம். முன் லைன்கள் 2 சென்டிமீட்டர் நீண்டிருந்தன, வளைய முடிச்சில் சரிசெய்தோம்.

ரிலீஸ் சோதனைதான் இந்தத் தடவை முதன்மை. கைட்டுக்குப் பதில் லைன்களைக் கம்பத்தில் கட்டி, பயிற்சியாளர் ஹார்னஸோடு பின்னுக்குச் சாய்ந்து தொங்க, ரிலீஸைத் தள்ளினார். காய்ந்த நிலையில் பத்து தடவை, கடல்நீரில் நனைத்து மணலில் புரட்டிப் பத்து தடவை. பார் எல்லாத் தடவையும் தடையில்லாமல் ஓடியது. சுழல்மூட்டைக் கையால் மூன்று சுற்று திருப்பிவிட்டும் செய்தோம். அதிலும் ஓடியது, கொஞ்சம் மெதுவாக.

கைட் ரிலீஸ்களுக்கு ஐஎஸ்ஓ 21853 என்ற பன்னாட்டுத் தரநிலை 2020இல் வந்தது. ஆனால் எந்தச் சான்றும் தயாரிப்பாளர் விற்ற அமைப்புக்குத்தான். நாம் நடுக்கயிற்றை மாற்றியதும் அது வேறு அமைப்பு. பழைய சான்றை நம்பி நிற்க முடியாது, நாமேதான் சோதிக்க வேண்டும்.

கடலில்: எதிர்பார்த்ததும் எதிர்பாராததும்

அடுத்த வார இறுதியில் 14 நாட் காற்றில் முதலில் பயிற்சியாளர் ஓட்டினார். ஆழமில்லாத இடத்தில் நின்றபடி இரண்டு தடவை வேண்டுமென்றே ரிலீஸ் செய்தார். கைட் உடனே படபடத்து விழுந்தது. பிறகு உரிமையாளர் ஓட்டினார். தள்ளினால் விடுகிறது, கைட் பழையபடி இருக்கிறது என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பின் அவருக்குத் தண்ணீரில் இறங்கவே தயக்கமாக இருந்திருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் துளைப் பகுதியில் டைனீமா மயிர் எழுந்திருந்தது. கொஞ்சம் மயிர் எழுவது இயல்பு, அது பிறகு படிந்து நிற்கும். இது ஒரு பக்கமாக மட்டும் எழுந்திருந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உறை இருந்திருக்க வேண்டுமோ என்று எனக்கே தோன்றியது.

டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். துளையில் பதித்திருந்த பிளாஸ்டிக் குழாயின் மேல் விளிம்பில், இடது பக்கம், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். விரலை விட்டால் விளிம்பு கூராக இருந்தது, பள்ளத்தில் மணல் பதிந்திருந்தது. பழைய கயிறு ஐந்தாறு ஆண்டாக அறுத்துவைத்த தடம் அது. பழைய கயிற்றின் உறையைக் கடைசியில் அறுத்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கிழிந்திருந்த பக்கமும் இடதுதான். நாங்கள் கயிற்றை வெர்னியர் வைத்து அளந்தோம், அது ஓடும் துளைக்குள் பார்க்கவில்லை.

மெல்லிய உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, குழாயைத் திருப்பிப் போட்டோம். பாதிக்கப்பட்ட கயிற்றை அப்படியே விடவில்லை. மேலே உபரியாக இருந்த நீளத்தைக் கொடுத்துக் கீழிருந்து 12 சென்டிமீட்டர் வெட்டி, தேய்ந்த இடம் ஓட்டத்துக்கு வெளியே போகும்படி மறுபடி கட்டினோம். முடிச்சு, வாஷர், இழுப்பு, ரிலீஸ் சோதனை எல்லாம் மறுபடியும். அதன் பிறகு பருவம் முடியும் வரை முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். மயிர் சீராக, எல்லாப் பக்கமும் லேசாக எழுந்து படிந்துவிட்டது. பருவ முடிவில் கயிற்றை மாற்றினோம். மாற்றியே ஆக வேண்டிய நிலையில் இல்லை, ஆனாலும் இந்தப் பாரில் அடுத்த பருவத்துக்குப் பழைய கயிற்றோடு போக யாருக்கும் விருப்பமில்லை.

இப்போது வேறு மாதிரி செய்வது

நடுக்கயிறு, சேஃப்டி லைன், சிக்கன் லூப் கயிறு இவற்றில் எதை மாற்றினாலும், கம்பத்தில் கட்டி நனைத்து மணல்போட்டு ரிலீஸ் செய்து பார்க்காமல் தண்ணீருக்கு விடுவதில்லை. முடிச்சு பார்த்தேன் என்பது இனி போதாது.

ஓட்டுபவர் கைட் வேறு மாதிரி நடக்கிறது என்று சொன்னால் அன்று அந்தப் பார் கரையிலேயே நிற்கும். வெள்ளிக்கிழமை நான் ட்ரிம்மைத் திருத்தி அனுப்பியதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது. காரணம் தெரியாமல் அறிகுறியை மட்டும் சரிசெய்தேன்.

முறுக்குக் கயிறு எந்தப் பாரிலும் எந்த இடத்திலும் கிடையாது. கொட்டகையில் 6 மில்லிமீட்டர் பாய்ப்படகுக் கயிறு பத்து மீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். மூன்று நாள் விடுப்பில் வருபவர் துறைமுகக் கடைக்கு ஓட வேண்டிய தேவை வராது. தயாரிப்பாளரின் உதிரி கிடைக்கும் மாடலாக இருந்தால் அதைத்தான் போடுவோம், இதை அல்ல.

கயிறு மாற்றும்போது துளைக்குள் டார்ச்சும் விரலும். அந்த வாரமே குழுவின் மற்ற ஆறு பார்களையும் பிரித்துப் பார்த்தோம். இரண்டில் அதே பள்ளம், அதே இடது பக்கம். இரண்டின் குழாய்களையும் மாற்றினோம், கயிறுகளையும் கூடவே.